மேல்வீட்டுக்காரியின் கூப்பன்கள்

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்தவளுக்கு முதல் கூப்பன் வந்தது ஓர் ஒழுகல் தயிர்ப் பெட்டியால். அது ஊரில் சண்டை முடிவதற்கு முந்திய இலையுதிர்காலம். டென்மார்க்கில், வைலே ரயில் நிலையத்திலிருந்து மேடேறிப் போகும் தெருவில், பழைய தொடர்மாடி ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். எங்கள் வாசலில் தமிழ் வீடு இரண்டுதான். இரண்டாம் மாடியில் நாங்கள், மூன்றாம் மாடியில் அவள்.

அவள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். என்னைவிட எட்டொன்பது வயது இளையவள். முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் பாரவூர்தி ஓட்டுகிறவர். ஜெர்மனி, போலந்து என்று போனால் கிழமைக் கடைசியில்தான் முகத்தைக் காணலாம். பிள்ளைகள் இல்லை. எனக்குப் பல வருடம் பின்னால் டென்மார்க்குக்கு வந்தவள், எனக்கு முன்னால் டேனிஷ் கதைக்கப் பழகிவிட்டாள். அந்த மேட்டில் சைக்கிளை உருட்டாமல் மிதித்தே ஏறுவாள். நான் ஆஸ்பத்திரி லோண்டரியில் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கும்போது, பல நாள் அவள் என்னைக் கடந்து மணியடித்துக்கொண்டு போவாள். "வாறன் அக்கா!" நானும் கையைக் காட்டுவேன். முகத்துக்கு முன்னால் அவள் எனக்குத் தங்கச்சி. எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தினால் மேல்வீட்டுக்காரி.

அந்தத் தயிர்ப் பெட்டி கடைப் பைக்குள்ளேயே ஒழுகி அவளுடைய வேலைச் சட்டையெல்லாம் நனைந்துபோனதாம். நானென்றால் நாலு பேச்சுப் பேசிவிட்டுத் துவைத்துப் போட்டிருப்பேன். அவள் பெட்டியைக் கழுவி, அதில் அச்சடித்திருந்த இலக்கத்தையும் திகதியையும் குறித்து, தயிர் செய்கிற கொம்பனிக்கே எழுதிவிட்டாள். சில நாளில் கொம்பனியின் படம் போட்ட உறை வந்தது. உள்ளே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம். தடித்த தாளில் சில கூப்பன்கள். எந்தக் கடையில் கொடுத்தும் அந்தக் கொம்பனியின் சாமானைச் சும்மா எடுக்கலாம்.

"கடையில போய்ச் சொன்னா காசைத் திருப்பித் தருவான், அவ்வளவுதான் அக்கா," என்று படியில் நின்று எனக்கு விளக்கினாள். "செய்யிறவைக்கு எழுத வேணும். அவைக்குத்தான் தங்கட பேர் கெட்டுப்போகும் எண்டு பயம்."

"அப்பிடியோ," என்றேன். உள்ளே வந்து எங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எங்கள் தயிர்ப் பெட்டியைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அதன் பிறகு அவளுக்கு உறைகள் வரத் தொடங்கின. வாசலில் எல்லோருடைய தபால்பெட்டியும் ஒரே வரிசையில் இருந்ததால் தெரியாமல் இருக்க வழியில்லை. சவர்க்காரத் தூள் கொம்பனி, கோப்பிக் கொம்பனி, சூப் கொம்பனி. குறை சொல்லி எழுதுவதைவிட நிறை சொல்லி எழுதினால் கூடத் தருவார்கள் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு கிழவர் வேறொன்றும் வாயில் வைக்காமல் ஒரு கொம்பனியின் ஓட்ஸ் கஞ்சியை மட்டும் குடிக்கிறார். அதை அப்படியே எழுதினாள். அவர்கள் அவளுக்கு ஒரு கட்டுக் கூப்பனும், அந்தக் கிழவருக்கு ஒரு கோப்பையும் அனுப்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை கடையில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். அவள் பையிலிருந்து கூப்பன்களை எடுத்து விசிறி மாதிரி விரித்தாள். காசுப் பெட்டியில் இருந்த பெட்டைப் பிள்ளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, "நல்ல கெட்டிக்காரி நீங்கள்," என்று டேனிஷில் சொல்லிச் சிரித்தாள். அத்தனை வருடமாக அதே கடைக்குப் போகிறேன். அந்தப் பெட்டை எனக்கு ஒரு நாளும் பல்லைக் காட்டியதில்லை. என் முறை வந்தபோது பை வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கணினித் திரையில் ஊர்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் எப்போதும் அதுதான்.

"கூப்பனோ?" என்றார் திரும்பாமலே. "ஊரில அரிசிக்கும் சீனிக்கும் கூப்பனோட சங்கக்கடை வரிசையில நிண்டது உனக்குக் காணாதே? அங்க சனம் கஞ்சிக்கு வரிசையில நிக்குது. நீ இஞ்ச கூப்பனுக்கு ஏங்கிறாய்."

அந்தக் கஞ்சி வரிசையில் நின்றது என்னுடைய தம்பி.

தம்பியும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தார்கள். தை மாதம் ஒருமுறை கதைத்தான். ஆட்கள் இடம் இடமாக நகர்கிறார்கள் என்றும், தாங்களும் போகப் போகிறோம் என்றும் சொன்னான். பிறகு தொடர்பு இல்லை. எங்கள் வீட்டில் ரீவி காலையில் போட்டால் படுக்கும்வரை ஓடியது. கணவர் வேலையில் லீவு எடுத்து எடுத்து கோப்பன்ஹேகனுக்கு ரயிலேறினார். பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகையோடு நின்றுவிட்டுத் தொண்டை கட்டித் திரும்பி வருவார். நான் சோறு வைப்பேன், யாரும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டோம். போன் அடித்தால் இரண்டு பேரும் ஓடுவோம்.

மேல்வீட்டுக்காரியின் ஆட்கள் எல்லோரும் மன்னார் நகரில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து அவள் தாயோடு போனில் கதைப்பது யன்னலைத் திறந்தால் எங்களுக்குக் கேட்கும். என்ன மீன் வாங்கினீங்கள், மழை பெய்ததோ, அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் சரிவந்ததோ. நான் யன்னலைச் சாத்திவிடுவேன். கூப்பனை நினைத்து எரிந்ததைவிட அந்தக் கதையைக் கேட்டுத்தான் எனக்குக் கூட எரிந்தது.

எங்களுக்கு ஒரேயொரு மகள். அப்போது எட்டாம் வகுப்பு. எங்களோடு கதைப்பதெல்லாம் டேனிஷில்தான். அதுவும் ஓம் என்றால் 'யா', இல்லையென்றால் 'நாய்', அதற்கு மேல் தோளைக் குலுக்குவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டேனிஷில் முடிப்பாள். வீட்டுக்கு வீடு இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னதால் நானும் விட்டுவிட்டேன். முன்பே சில நாள் பிந்தித்தான் வருவாள்; அந்த மாசி, பங்குனியில் பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வருவதே இல்லை. கேட்டால் இளைஞர் கிளப் என்பாள். ரீவியில் போகிற படங்களைப் பார்க்க அவளால் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் நானும் தோண்டிக் கேட்கவில்லை.

பங்குனி மாதம் ஒரு பின்னேரம், மேல்வீட்டில் இரவல் வாங்கியிருந்த இடியப்ப உரலைத் திருப்பிக் கொடுக்கப் படியேறினேன். கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. உள்ளே யாரோ ஒரு பிள்ளை தமிழில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எந்த வீட்டுப் பிள்ளை இவ்வளவு வடிவாகத் தமிழ் கதைக்கிறது என்று நினைத்துக்கொண்டே கதவில் கை வைத்தேன்.

"அன்ரி, மொறுமொறுவுக்கும் கரகரவுக்கும் என்ன வித்தியாசம்?"

"கடிக்கேக்க சத்தம் வாறது மொறுமொறு. தொண்டைக்குள்ள போய் அறுக்கிறது கரகர."

"அப்ப இந்த பிஸ்கட் கரகர!"

"மாதாவே, அப்பிடி எழுதிப்போடாத பிள்ளை. பாராட்டியெல்லோ எழுதுறம்!"

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அது என்னுடைய மகள். கையில் உரலோடு நான் வாசலில் நின்றேன். குசினி மேசையில் மகளுடைய மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் உடைத்த பிஸ்கட் பக்கற்றுகள், ஒரு ஜாம் போத்தல், இரண்டு தேத்தண்ணிக் கோப்பை. மகளின் காலணி ரேடியேட்டருக்குக் கீழே, தன் வீட்டில் கழற்றி வைத்த மாதிரிச் சோடியாக வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டில் அவள் காலணி ஒன்று வாசலிலும் ஒன்று அறைக்குப் போகிற ஓடையிலும் கிடக்கும்.

மேல்வீட்டுக்காரி என்னைக் கண்டதும் எழும்பினாள். "வாங்கோ அக்கா, வாங்கோ. உங்கட மகள்தான் எனக்கு எல்லாம் எழுதித் தாறவ. நான் தமிழில சொல்லுவன், அவ அதை நல்ல டேனிஷா மாத்திப் போடுவா. என்ர டேனிஷ் கதைக்கக் காணும், எழுதக் காணாது. இவ இல்லாட்டி எனக்கு ஒரு கூப்பனும் வராது."

"அப்பிடியோ," என்றேன். "நல்லது."

உரலை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். மகள் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. அதுவரை நான் பொறாமைப்பட்டது தயிருக்கும் சவர்க்காரத்துக்கும். அன்றைக்குத் தெரிந்தது, அந்த உறைகள் ஒவ்வொன்றிலும் என் பிள்ளை இருந்தாள் என்று. மொறுமொறு என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டு ஒரு நாளும் என்னிடம் வந்ததில்லை. நான் வடை சுட்டால் காதில் பாட்டுக் கருவியைச் செருகியபடி இரண்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகிறவள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் இறங்கி வந்தபோது ரீவியில் ஒரு ஆஸ்பத்திரிக் கொட்டகையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குப் போகப் பார்த்தாள். நான் மறித்தேன்.

"பார், நல்லாப் பார். உன்ர மாமா அங்கதான் நிக்கிறார். உனக்குக் கவலை இல்லையே? ஊரானுக்குக் கூப்பன் எழுத மட்டும் நேரம் இருக்கு."

அவள் டேனிஷில் சொன்னாள்: "எனக்கு அவரைத் தெரியாது, அம்மா. நான் அவரை ஒரு நாளும் கண்டதில்லை."

அது உண்மைதான். உண்மை என்பதால்தான் எனக்குத் தாங்கவில்லை. "போ, மேலயே போய் இரு. அவளே உன்னை வளர்க்கட்டும்," என்று கத்தினேன். கணவர் அறையிலிருந்து வந்து, "பிள்ளையை ஏன் இப்ப பேசுறாய்?" என்று கேட்டார். மகள் காலணியை மாட்டிக்கொண்டு மேலேயே போய்விட்டாள். சாப்பாட்டு நேரம் முழுக்க எங்கள் தலைக்கு மேலே கதிரை நகர்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு மேல்வீட்டுக்காரி ஒருமுறை கீழே வந்து, "அக்கா, உங்களுக்கு விருப்பமில்லாட்டி நான் இனிப் பிள்ளையைக் கூப்பிட மாட்டன்," என்றாள். நான் என்ன சொல்வது? விருப்பமில்லை என்று சொன்னால் ஏன் என்று வரும். "எனக்கென்ன, நல்லாப் படிச்சால் சரி," என்றேன். "அவவின்ர டேனிஷ் ரீச்சர் அவவின்ர எழுத்தை நல்லாப் புகழ்ந்தவவாம்," என்று அவள் சந்தோசமாகச் சொன்னாள். அதையும் நான் அவள் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது.

சித்திரையில் ஒரு நல்ல செய்தி வந்தது. நல்ல செய்தி என்று அப்போது எனக்குப் பட்டது. கோப்பிக் கொம்பனி அவளுக்குப் பணிவாக எழுதியிருந்தது: எங்கள் பொருளை இவ்வளவு தூரம் விரும்புவதற்கு நன்றி, உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன, இனிமேல் கூப்பன் அனுப்ப எங்களால் இயலாது. படியில் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு கட்டி கரைந்தது மாதிரி இருந்தது. மன்னாருக்குப் போன் எடுக்கிறவளுக்கு, சைக்கிள் ஓடுகிறவளுக்கு, என் பிள்ளையின் சிரிப்பை மேசையில் வைத்திருப்பவளுக்கு, ஒருத்தனாவது இல்லையென்று சொன்னானே. அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். "அவையும் எவ்வளவுக்கெண்டு தாறது, அக்கா? தேத்தண்ணிக் கொம்பனிக்கு எழுதுவம்." பக்கத்தில் நின்ற மகளும் அவள் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். என் சந்தோசம் அந்தப் படியிலேயே போய்விட்டது.

அந்தக் கிழமை நானும் ஒரு கொம்பனிக்கு எழுதினேன். மகளுக்கும் மேல்வீட்டுக்காரிக்கும் தெரியாமல்தான். லோண்டரியில் இடைவேளை நேரம், தனியாக ஒரு மூலையில் இருந்து, மகளின் பழைய பள்ளிக்கூட அகராதியைப் பக்கத்தில் வைத்து எழுதினேன். கறுவா போட்ட ஒரு பிஸ்கட் நான் வழக்கமாக வாங்குவேன். டென்மார்க்குக்கு வந்து அகதி முகாமில் இருந்தபோது முதன்முதல் சாப்பிட்டது அது. அதற்குத்தான் எழுதினேன். நான் எழுதிய டேனிஷைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: உங்கள் பிஸ்கட் வாங்கினேன். ருசி இல்லை. முந்தி ருசி இருந்தது. ஏன்?

பொய் எழுதவில்லை. அந்த நாட்களில் அது வாயில் அட்டை மாதிரித்தான் இருந்தது. பக்கற்றில் இருந்த இலக்கத்தை வெட்டி ஒட்டி, முத்திரையும் ஒட்டி, வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டேன். எனக்கும் ஓர் உறை வரட்டும், மகள் அதைத் தபால்பெட்டியிலிருந்து எடுக்கட்டும் என்று இருந்தது. இரண்டு கிழமையாக ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மேல்வீட்டுப் பெட்டியில்தான் உறை நிறைந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பிறகு வைகாசி வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்னார்கள். கணவர் கோப்பன்ஹேகனிலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். நான் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். வேலையில் சொல்லி லீவில் நின்றுவிட்டேன்.

போன் வந்தது பல நாள் கழித்து. வவுனியா முகாமிலிருந்து, யாருடையதோ போனில், தம்பியின் மனைவி. குரல் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் மாறியிருந்தது.

"மச்சாள், பிள்ளையள் ரெண்டும் என்னோட நிக்கினம்."

நான் தம்பியைக் கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன். அவளே சொன்னாள்.

"அவரை அங்கையே விட்டிட்டு வந்தனாங்கள், மச்சாள். புதைக்கவும் விடேல்லை. ஓடு ஓடு எண்டு கலைச்சுப்போட்டாங்கள்."

அவ்வளவுதான் கதைத்தோம். அவளுக்குப் பின்னால் போனுக்கு ஆட்கள் நின்றார்கள்.

உடல் இல்லாத செத்தவீடு எப்படிச் செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, விளக்கு வைத்தோம். விபோர்க்கிலிருந்தும் கோல்டிங்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பலருக்கும் இதே கதைதான்; எங்கள் வீட்டில் அழுதுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எங்கள் அடுப்பு எரியவில்லை. சாப்பாடு முழுவதும் மேலேயிருந்து வந்தது. மேல்வீட்டுக்காரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வருகிற போகிற எல்லோருக்கும் சோறும் மரக்கறியும் சமைத்துச் சமைத்து அனுப்பினாள். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சேர்க்கவில்லை. சைவர்களான எங்கள் முறையைத் தானே கேட்டறிந்து செய்தாள்.

சட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் ஓடியது மகள். தலையை இழுத்துக் கட்டி, ஆட்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "சாப்பிடுங்கோ, இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று தமிழில் கேட்டாள். நான் தம்பியின் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோல்டிங்கிலிருந்து வந்த ஒரு வயதான மனுசி, எங்களை அவ்வளவு பழக்கமில்லாதவர், மேல்வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக் கேட்டார்: "நல்ல பழக்கமான பிள்ளை. உம்முடைய மகளோ?"

"இல்லையம்மா, அக்காவின்ர மகள்," என்று அவள் என்னைக் காட்டினாள். மனுசி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேல்வீட்டுக்காரியின் முகம் சிவந்து போயிருந்தது. கூச்சமா, சந்தோசமா, எனக்குத் தெரியாது. என் கூடப் பிறந்தவன் போய்விட்டான். அவனுக்காக அழ இருந்த இடத்திலும் அந்தக் கேள்விதான் என் நெஞ்சில் நின்றது. உம்முடைய மகளோ.

ஆட்கள் வருவது குறைந்த ஒரு காலையில் தபால் வந்தது. மகள் உறையோடு வந்து என் முன்னால் நின்றாள். பிஸ்கட் கொம்பனியின் உறை, என் பெயருக்கு. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"அம்மா, இது நீங்களோ எழுதினது?"

தமிழில் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் உடைத்து வாசித்தாள். உங்கள் கடிதத்துக்கு நன்றி, அந்த இலக்கப் பிஸ்கட்டை எங்கள் ஆட்கள் ருசி பார்த்தார்கள், மாற்றம் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் மன்னித்துக்கொள்ளுங்கள். முந்தி எப்படி ருசித்தது என்று எழுதினால் எங்களுக்கு உதவியாக இருக்கும். இரண்டு கூப்பன் வைத்திருக்கிறோம்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்றாள். "நான் எழுதித் தந்திருப்பன்தானே."

"நீ மேல எழுதிக் குடுக்கிறனி. எனக்கு எழுதித் தருவியோ எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

"நீங்கள் கேக்கேல்லையே."

"அவள் கேட்டவளோ?"

"ஓம். அன்ரி கேட்டவ. படியில வைச்சுக் கேட்டவ, உனக்கு நேரம் இருக்கோ எண்டு."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளையிடம் நேரம் இருக்கோ என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எந்தத் தாய் கேட்பாள்? இதைச் செய், அதை எடு, ஏன் இன்னும் செய்யவில்லை. இப்படித்தானே கதைப்போம். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் கேட்கத் தெரிந்திருக்கிறது. அப்படி நினைத்தபோதுகூட என் மனம் இளகவில்லை. அதிலும் அவள் முந்திவிட்டாள் என்றுதான் இருந்தது.

"சரி," என்றேன். "இப்ப கேக்கிறன். உனக்கு நேரம் இருக்கோ?"

அவள் மடிக்கணினியை எடுத்து வந்து, நிலத்தில் என் பக்கத்தில் இருந்தாள். "முந்தி என்ன ருசி? சொல்லுங்கோ."

"வெண்ணெய் வாசம் வரும். பிறகு கறுவா. தேத்தண்ணியில தோய்ச்சா உடைஞ்சு விழாது."

"தோய்ச்சா எண்டா?"

"முக்கி எடுத்தா."

தட்டினாள். "இப்ப?"

"இப்ப ஒண்டுக்கும் ருசி இல்லை, பிள்ளை. சோத்துக்கும் இல்லை, தேத்தண்ணிக்கும் இல்லை."

அவள் கை நின்றது. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப பிஸ்கட்டில பிழை இல்லையோ?"

"இல்லை."

"அதையே எழுதவோ? மாமா செத்துப்போனார், பிஸ்கட்டில பிழை இல்லை எண்டு?"

எனக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்தது. போன் வந்த நாளிலிருந்து ஒழுங்காக வராத அழுகை. எழுது என்று கையால் காட்டினேன். அம்மாவுக்காக மகள் எழுதுகிற மாதிரி எழுதி முடித்து, டேனிஷில் வாசித்துக் காட்டினாள். எல்லாம் விளங்கவில்லை. 'என் மாமா' என்று அவள் எழுதியிருந்தது மட்டும் விளங்கியது. என் அம்மாவின் தம்பி என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

சில நாளில் கொம்பனியிலிருந்து ஓர் அட்டை வந்தது. கூப்பன் இல்லை. வெள்ளை அட்டையில் பேனையால் யாரோ ஒரு பெண் சின்னதாக எழுதியிருந்தாள்: துயரத்தில் பங்குகொள்கிறேன் என்றும், தன் தாய் இறந்தபோது தனக்கும் கோப்பி ருசிக்கவில்லை என்றும், அது மெல்ல மெல்லத் திரும்பி வரும் என்றும். அகராதி இல்லாமல் அதை எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிப்பதற்குள் மகள் என் கையிலிருந்து வாங்கி, "அன்ரிக்குக் காட்டிப்போட்டு வாறன்," என்று படியில் ஓடினாள்.

எனக்கு வந்த ஒரேயொரு அட்டை. மேலே கதவு திறக்கிற சத்தமும், "ஐயோ, பாவம், நல்ல மனுசி" என்ற அவள் குரலும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அட்டையோடு தானே கீழே வந்தாள். என்னைக் கட்டிப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நானும் பிடித்துக்கொண்டேன். அந்த மனுசி எனக்கு எழுதியதற்கு என்னை முந்தி இவள் அழுது முடித்துவிட்டாளே என்று அப்போதும் எனக்குத் தோன்றியது.

இரண்டு வருடத்தில் அவள் கணவருக்குக் கோல்டிங்கில் களஞ்சிய வேலை கிடைத்து, வீடு மாறிப் போனார்கள். சாமான் ஏற்றிய நாள் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் பெட்டி தூக்க உதவினேன். உண்மையில் விருப்பத்தோடுதான் தூக்கினேன். இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். மகள் எங்களோடு தமிழில் கதைக்கத் தொடங்கியிருந்தாள், நான் சமைக்கும்போது வந்து நின்று ஒவ்வொரு சாமானுக்கும் பேர் கேட்கத் தொடங்கியிருந்தாள். ஆனால் சனிக்கிழமையில் கோல்டிங்குக்கு ரயிலேறினாள். வரும்போது அன்ரி தந்தது என்று ஒரு பை கொண்டுவருவாள். அதில் எனக்கென்று எப்போதும் ஏதாவது இருக்கும். எனக்குப் பிடித்ததாகவே இருக்கும். அது இன்னும் கோபம்.

மகள் இப்போது ஓர்ஹுஸில் இருக்கிறாள். கலியாணம் முடித்துவிட்டாள். போன மாதம் போயிருந்தேன். எனக்காகக் கத்தரிக்காய் பொரித்தாள். எண்ணெய் தெறித்துக் கையில் பட்டது.

"மாதாவே!" என்று கையை உதறினாள்.

எங்கள் வீட்டில் நாங்கள் முருகா என்போம், அம்மாளாச்சி என்போம். மருமகன் ஒன்றும் விளங்காமல் பனிக்கட்டி எடுக்க ஓடினார். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து, அவளுடைய கையை இழுத்து அதன் கீழே பிடித்தேன். காயம் ஒன்றும் பெரிதில்லை. அவள் "காணும், அம்மா, விடுங்கோ," என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.